அண்ணனின் 4 வயது டாபர்மேன் எங்கள் பொறுப்புக்கு வந்திருக்கிறான் – மதுரை வெயிலில் எப்படி வளர்ப்பது?

வைகைக்கரை (மதுரை) எழுதியது:

வணக்கம். அண்ணன் வேலை மாறிக் குடும்பத்தோடு மஸ்கட் போய்விட்டார். அவர் குட்டியிலிருந்து வளர்த்த டாபர்மேன் இப்போது எங்கள் வீட்டில். பெயர் வீரா. ஆண், 4 வயது, கறுப்பும் பழுப்பும், 41 கிலோ. வால் நறுக்கியது, காது இயற்கையாகத் தொங்கும் காது. தடுப்பூசி அட்டை ஒழுங்காக இருக்கிறது.

வீடு அனுப்பானடி பக்கம். முன்னால் சிறிய சிமென்ட் வாசல், பிறகு கேட். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள், பகலில் அப்பா அம்மா மட்டும் இருப்பார்கள். இதுவரை நாட்டு நாய்தான் வளர்த்திருக்கிறோம்.

அப்பா, கேட்டருகே சங்கிலியில் கட்டு என்கிறார். அம்மாவுக்குப் பயம். "வயசானா மூளை வளந்து மண்டைக்குள்ள இடம் பத்தாமப் போயிடும், அப்புறம் வளத்தவங்களையே கடிக்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சித்திரை வெயில் வேறு ஆரம்பித்துவிட்டது. அண்ணன் பாக்கெட் தீவனம் மட்டும் கொடுத்தார். சோறும் கோழியும் சேர்க்கலாமா? இந்த வயதில் கட்டாயம் செய்ய வேண்டிய பரிசோதனை ஏதாவது உண்டா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

——

ஆனைமலை (பொள்ளாச்சி) எழுதியது:

தம்பி, முதலில் அம்மாவின் பயத்தைத் தீர்த்துவிடுவோம். மூளை வளர்ந்து மண்டை போதாமல் போவது என்பது எந்த நாய்க்கும் நடக்காது. வளர்ந்து முடிந்த நாய்க்கு மூளையும் அப்படியே, மண்டையோடும் அப்படியே. வயதான டாபர்மேன் சிடுசிடுப்பாக மாறினால் அதற்கு உடம்பில் காரணம் இருக்கும். கழுத்தெலும்பு வலி, தைராய்டு குறைவு, பார்வை மங்கல், இப்படி ஏதாவது ஒன்று. டாக்டரிடம் காட்டினால் தெரிந்துவிடும்.

சங்கிலி வேண்டவே வேண்டாம். இந்த இனம் மனிதரை ஒட்டியே வாழ்கிற இனம். நீங்கள் சமையலறைக்குப் போனால் சமையலறைக்கு வரும், குளியலறைக் கதவுக்கு வெளியே படுத்துக் காத்திருக்கும். தனியாகக் கட்டிப்போட்டால் கால் நக்கிப் புண்ணாக்கிக்கொள்ளும், சில நாய்கள் தன் விலாத் தோலையே வாயில் கவ்விச் சப்பிக்கொண்டிருக்கும். அந்த விலா சப்பும் பழக்கம் டாபர்மேனிடம்தான் அதிகம். வீராவுக்கு ஒரே நாளில் வீடும் போய் ஆளும் போயிருக்கிறார்கள். முதல் சில வாரம் சாப்பிடாமல் அடம் பிடித்தால் பதறாதீர்கள். பகலில் கூட இருக்கப்போவது அப்பாதான் என்பதால் தட்டு வைப்பது அப்பா கையாலேயே இருக்கட்டும். சாப்பாடு வைக்கிற கையை நாய் மறக்காது.

வெயில் விஷயத்தில் கவனம் தேவை. உடம்பில் ஒற்றை அடுக்கு முடிதான். அடிமுடியே கிடையாது என்றே சொல்லலாம். கறுப்பு நிறம், கீழே சிமென்ட் வாசல், எல்லாம் சேர்ந்து மதியத்தில் அடுப்பாகிவிடும். காலையில் 6 மணிக்குள், மாலையில் 7 மணிக்கு மேல் நடக்க வையுங்கள். கிளம்புமுன் தரையில் உங்கள் புறங்கையை வைத்து ஏழு எண்ணுங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது. பகலில் கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கட்டும். வெறும் தரையில் படுத்தால் முழங்கை காய்த்து நீர் கோத்துக்கொள்ளும். எங்கள் வீட்டில் கயிற்றுக் கட்டில்தான். கீழே காற்றும் போகும், முழங்கைக்கும் நல்லது.

நாக்கு கருஞ்சிவப்பாகி, மூச்சு நிற்காமல் இரைத்து, நடை தள்ளாடினால் அது வெயில் தாக்குதல். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பு முழுவதும் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, விசிறியைப் போட்டு, கொஞ்சம் குளிர்ந்த பிறகு வண்டியில் ஏற்றுங்கள். ஈரத் துண்டைப் போர்த்தி அப்படியே விட்டுவிடக் கூடாது, அது சூட்டை உள்ளேயே பிடித்துவைக்கும்.

——

தோட்டக்காரர் (தேனி) எழுதியது:

மேலே சொன்ன எல்லாவற்றையும் ஏற்க முடியவில்லை. எங்கள் தென்னந்தோப்பில் இரண்டு டாபர்மேன் வளர்ந்தன. பகலில் கட்டு, இரவில் அவிழ்ப்பு. ஒரு தேங்காய் திருடு போனதில்லை. கூடத்தில் மின்விசிறிக்குக் கீழே படுத்துத் தூங்குகிற நாய் எப்படிக் காவல் காக்கும்? காவல் நாயை வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது எனக்குப் புரியவில்லை.

——

ஆனைமலை எழுதியது:

ஐயா, தோப்புக் காவல் வேறு, வீட்டுக் காவல் வேறு. தோப்புக்கு வேண்டியது வெயிலையும் பனியையும் உண்ணியையும் தாங்குகிற நம்ம ஊர் நாய். கோம்பை உங்கள் மாவட்டத்து நாய்தானே, அதைவிடச் சிறந்த தோப்புக் காவல் இல்லை. டாபர்மேன் காப்பது இடத்தை அல்ல, ஆளை. வீட்டுக்குள் படுத்திருந்தாலும் கேட்டில் கை வைக்கும் சத்தம் கேட்டால் உங்களுக்கு முன்னால் எழுந்து நிற்கும். நாள் முழுவதும் கட்டிக்கிடக்கிற நாய் தபால்காரரையும் திருடனையும் ஒரே மாதிரிக் குரைக்கும். வீட்டாரோடு பழகிய நாய்க்குத்தான் யார் வழக்கமாக வருகிறவர், யார் புதியவர் என்று தெரியும்.

——

யேனா தமிழ்ச்செல்வி (ஜெர்மனி) எழுதியது:

நான் இருக்கும் யேனாவுக்குப் பக்கத்து ஊர் அப்போல்டா. இந்த நாய் பிறந்த ஊர் அதுதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே வரி வசூலித்த கார்ல் ஃப்ரீட்ரிக் லூயிஸ் டோபர்மான், வசூலுக்குப் போகும்போது கூடவே நடந்து தன்னைக் காக்கும் நாய் வேண்டும் என்று வளர்த்தெடுத்தார். 1894இல் அவர் இறந்த பிறகு அதே ஊர்க்காரர் ஓட்டோ கோலர் இனத்தைச் சீராக்கினார். ஆகவே ஆனைமலை அண்ணா சொல்வது வரலாற்றுக்கும் பொருந்துகிறது: ஒரு மனிதரின் கூடவே போவதற்காக உருவான நாய் இது.

காது வெட்டாமல் விட்டிருக்கிறார்கள் என்று படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. ஜெர்மனியில் 1987 முதல் காது வெட்டத் தடை, 1998 முதல் வால் நறுக்கத் தடை. இங்கே தெருவில் பார்க்கும் டாபர்மேன் எல்லாம் தொங்கு காதும் நீள வாலுமாகத்தான் இருக்கும். காது தொங்குவதால் உள்ளே ஈரம் தங்காமல் வாரம் ஒருமுறை பாருங்கள், அது போதும்.

நீங்கள் கடைசியாகக் கேட்ட பரிசோதனைக் கேள்விதான் முக்கியமானது. இதயம். இங்கே டாபர்மேன் வைத்திருப்பவர்கள் சந்தித்தால் முதலில் கேட்பதே "இந்த வருடம் இதயம் பார்த்தாயா?" என்பதுதான். இங்கே மருத்துவர் யாராவது இருந்தால் விளக்கட்டும்.

——

நாமக்கல் டாக்டர் எழுதியது:

கால்நடை மருத்துவன் என்ற முறையில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டாபர்மேனுக்கு வரும் இதய நோயில் இதயத் தசை பலவீனமாகி, இடது கீழறை விரிந்து, ரத்தத்தைத் தள்ளும் சக்தி குறைகிறது. கூடவே துடிப்பின் தாளமும் கெடுகிறது. ம்யூனிக் பல்கலைக்கழகத்தினர் 412 டாபர்மேன்களைப் பரிசோதித்து 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஆயுட்காலத்தில் இந்த நோய் வரும் பங்கு ஏறக்குறைய 58 சதவீதம் என்று கணக்கிட்டார்கள். பாதிக்கு மேல்! வேறு எந்த நோயையும் இந்த இனத்தில் இதற்கு முன்னால் வைக்க மாட்டேன்.

நோய் தொடங்கிப் பல மாதங்கள், சில நாய்களில் வருடங்கள், வெளியே எதுவும் தெரியாது. நாய் ஓடும், சாப்பிடும், பளபளவென்று இருக்கும். முதல் அறிகுறியே திடீர் மரணமாக இருக்கும் நாய்களும் கணிசம். "நல்லாத்தானே இருக்கான்" என்பதை நம்பி இருந்துவிட முடியாது. ஐரோப்பிய இதய மருத்துவர்களின் பரிந்துரை, 3 வயதிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு பரிசோதனை: ஒன்று எக்கோ, அதாவது இதயத்தைப் பார்க்கும் ஸ்கேன், மற்றது ஹோல்டர். ஹோல்டர் என்பது 24 மணி நேரமும் துடிப்பைப் பதிவு செய்யும் சிறு கருவி, மார்பில் கட்டி அனுப்புவார்கள். ஒரு நாளில் 300க்கு மேல் கீழறையிலிருந்து முந்திக்கொண்டு வரும் துடிப்பு இருந்தால் நோய் உறுதி. 50க்கும் 300க்கும் இடையே இருந்தால் சில மாதங்களில் மறுபடி பார்க்க வேண்டும். எக்கோவில் எல்லாம் சரியாக இருந்து ஹோல்டரில் மட்டும் பிடிபடும் நாய்கள் உண்டு, மறுதலையாகவும் உண்டு. அதனால் ஒன்றைச் செய்து மற்றதை விடக்கூடாது. ஹோல்டர் கிடைக்காத ஊரில் குறைந்தது ஐந்து நிமிட ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள். அதில் அப்படிப்பட்ட துடிப்பு ஒன்று தெரிந்தாலே ஹோல்டரைத் தேடிப் போக வேண்டும்.

முன்கூட்டியே கண்டுபிடித்து என்ன பயன் என்று கேட்பார்கள். பயன் இருக்கிறது. எக்கோவில் மாற்றம் தெரிந்தும் வெளியில் அறிகுறி இல்லாத 76 டாபர்மேன்களில் பிமோபென்டான் மருந்தைச் சோதித்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மருந்து பெற்ற நாய்களுக்கு இதயச் செயலிழப்போ திடீர் மரணமோ வரும் வரையிலான இடைக்காலம் 718 நாள், பெறாதவற்றுக்கு 441 நாள். ஒன்பது மாதத்துக்கும் மேல் வித்தியாசம்! இந்தியாவிலும் அந்த மருந்து கிடைக்கிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரத்தம் உறைவதில் குறை (வான் வில்லிபிராண்ட் நோய்) இந்த இனத்தில் அதிகம். கருத்தடை, பல் பிடுங்கல் எதுவானாலும் முன்பே டாக்டரிடம் "இது டாபர்மேன், ரத்தம் நிற்கும் நேரம் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். உதட்டின் உட்புறத்தில் சிறு கீறல் போட்டுப் பார்க்கும் எளிய சோதனை உண்டு. நம் ஊர் உண்ணிக் காய்ச்சல் ரத்தத் தட்டுகளைக் குறைக்கும். இரண்டும் சேர்ந்தால் மூக்கிலிருந்து வடியும் ரத்தம் நிற்காது. ஆகவே டாபர்மேனுக்கு உண்ணி மாத்திரை வருடம் முழுக்க, வெயில் காலத்துக்கு மட்டும் அல்ல. சல்ஃபா வகை ஆன்டிபயாடிக் இந்த இனத்துக்குச் சில சமயம் ஒத்துக்கொள்ளாது. காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். அட்டையின் முதல் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். மனிதருக்கான பாராசிட்டமால், புரூஃபன் எதையும் வீட்டிலிருந்து கொடுக்க வேண்டாம்.

——

மீனா (சென்னை) எழுதியது:

டாக்டர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் எங்கள் ஜூலி சாட்சி. வருடாந்திரப் பரிசோதனையில்தான் பிடிபட்டது. அன்று காலைகூட மொட்டை மாடியில் பந்து விளையாடிவிட்டுத்தான் வந்தாள். மருந்தோடு நன்றாக வாழ்ந்தாள், எங்கள் பையன் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை கூட இருந்தாள். தெரியாமலே விட்டிருந்தால் அந்தக் காலம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இதயம் பார்க்கிறார்கள். அதிகாலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் அதிகம். ஹோல்டர் கட்டினால் அன்று வழக்கம்போல் நடக்கவும் விளையாடவும் விடச் சொல்வார்கள். சும்மா படுக்க வைத்துவிட்டால் உண்மையான தாளம் பதிவாகாது. மேலே ஒரு பழைய பனியனைப் போட்டுவிட்டால் வயரைக் கடிக்காது.

வைகைக்கரை சகோதரருக்குச் சாப்பாடு பற்றி யாரும் சொல்லவில்லையே. சோறும் வேகவைத்த கோழியும் சேர்க்கலாம், ஆனால் அதுவே முழு உணவாகிவிட்டால் கால்சியமும் மற்ற சத்துகளும் சரியாக அமையாது. பாக்கெட் தீவனம் முக்கால், வீட்டுச் சாப்பாடு கால் என்று வைத்தால் அவனுக்கும் ருசியாக இருக்கும். வெந்த கோழி எலும்பு கூடவே கூடாது, உடைந்து குத்தும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகாது. தயிர்சாதம் கோடைக்கு நல்லது, உப்பு இல்லாமல். கடையில் தானியமே இல்லாத தீவனம் என்று விலை கூட்டி விற்கிறார்கள். 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அப்படிப்பட்ட தீவனங்களுக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று விசாரிக்கத் தொடங்கியது. முடிவு எப்படியானாலும் டாபர்மேன் வீட்டில் அந்தப் பரிசோதனை வேண்டாம் என்பது என் கருத்து. சாதாரண நல்ல தீவனமே போதும்.

ஒரு நாள் உணவை இரண்டு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள், சாப்பிட்டதும் ஓட விடாதீர்கள். ஆழமான மார்புள்ள நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும். வாந்தி வருவது போல் ஓங்கரித்தும் எதுவும் வராமல், வயிறு தம்பட்டம் போல் ஆனால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

——

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. சங்கிலியைக் கழற்றிவிட்டோம். அப்பாவே கூடத்தில் கட்டிலைப் போட்டுவிட்டார்.

டாக்டர் சார், உங்கள் பதிவை வீட்டில் வாசித்துக் காட்டியபோது மனைவி ஒன்றைச் சொன்னாள். போன வாரம் மாலை நான் வண்டியில் வந்ததைப் பார்த்து வீரா மாடியிலிருந்து ஓடிவந்தான். கடைசிப் படியில் பின்னங்கால் மடங்கி அப்படியே சாய்ந்திருக்கிறான். சில நொடிதான். எழுந்து ஒன்றுமே நடக்காதது போல் வாலாட்டியிருக்கிறான். டைல்ஸில் வழுக்கியிருக்கும் என்று அவள் நினைத்திருக்கிறாள். இது அதுவாக இருக்குமா?

——

நாமக்கல் டாக்டர் எழுதியது:

இருக்கலாம். வலிப்பு என்றால் கால்கள் வெட்டும், வாயில் நுரை வரும், சிறுநீர் போகும், எழுந்த பிறகும் கொஞ்ச நேரம் குழம்பி நிற்கும். உற்சாகத்திலோ ஓட்டத்திலோ துணி போல் துவண்டு விழுந்து, உடனே தெளிந்து எழுவது இதய மயக்கத்தின் அடையாளம். டாபர்மேனில் அதை வேறு மாதிரி எடுத்துக்கொள்ளவே கூடாது. இது அவசரம். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

பரிசோதனை முடியும் வரை ஓட்டம், படி ஏறுவது, பந்து விளையாட்டு எதுவும் வேண்டாம். வீட்டுக்கு வரும்போது சத்தமில்லாமல் உள்ளே வாருங்கள், அவன் துள்ளிக் குதிக்கும் அளவுக்குக் கூப்பிட வேண்டாம். கழுத்துப் பட்டைக்குப் பதில் மார்புப் பட்டை. மறுபடி விழுந்தால் ஒருவர் செல்போனில் படம் எடுக்கட்டும், ஒருவர் ஈறின் நிறம் பார்க்கட்டும். வெளுத்திருக்கிறதா என்பது எங்களுக்குப் பெரிய தகவல். இன்றே உள்ளூர் டாக்டரிடம் ஈசிஜி எடுத்துவிடுங்கள். எக்கோ, ஹோல்டருக்கு சென்னை தூரம் என்றால் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கல்லூரியில் என்னென்ன வசதி இருக்கிறது என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

——

தோட்டக்காரர் எழுதியது:

டாக்டரிடம் ஒரு கேள்வி. எங்கள் இரண்டு நாய்களில் ஆண் நாய் 6 வயதில் ஒரு காலையில் வரப்பில் செத்துக் கிடந்தது. பாம்பு என்று முடிவு செய்து புதைத்தோம். ஆனால் கடிவாய் இல்லை, வீக்கம் இல்லை, வாயில் நுரையும் இல்லை. முந்தின இரவு நன்றாகச் சாப்பிட்டது. அதன் மகள் 3 வயது, இப்போது தோப்பில் இருக்கிறது. இதெல்லாம் படித்த பிறகு அவளைப் பார்க்கவே மனம் பதறுகிறது.

——

நாமக்கல் டாக்டர் எழுதியது:

ஐயா, உடற்கூறு செய்யாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் சொல்வது இதயத்தால் வந்த திடீர் மரணத்துக்குப் பொருந்தி வருகிறது. நோய் வம்சத்தில் வருவது, எனவே மகளுக்கு இந்த வருடமே எக்கோவும் ஹோல்டரும் எடுத்துவிடுங்கள். பெண் நாய்களில் இதயம் விரிவது சற்றுத் தாமதமாகத் தெரியும். இந்த முறை நன்றாக இருக்கிறது என்று சொன்னாலும் அடுத்த வருடமும் போக வேண்டும். அதுவரை அவளிடம் குட்டி எடுக்க வேண்டாம்.

——

யேனா தமிழ்ச்செல்வி எழுதியது:

குட்டி விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். இந்த நோயோடு தொடர்புள்ள இரண்டு மரபணு மாற்றங்களைச் சோதிக்கும் வசதி வந்திருக்கிறது. அதில் மாற்றம் இல்லை என்று வந்தும் நோய் வந்த நாய்கள் இருக்கின்றன, மாற்றம் இருந்தும் முதுமை வரை நன்றாக வாழ்ந்தவையும் இருக்கின்றன. மரபணுச் சான்றிதழைக் காட்டி "இதயம் சுத்தம்" என்று யாராவது குட்டி விற்றால், தாய் தகப்பனின் எக்கோ, ஹோல்டர் அறிக்கைகளைக் கேளுங்கள். தாத்தா பாட்டி எத்தனை வயதில், எதனால் இறந்தார்கள் என்றும் கேளுங்கள். நீலம், வெள்ளை என்று நிறத்தைச் சொல்லி விலை ஏற்றுவார்கள். நீல நிறத்துக்கு முடி உதிரும் தோல் நோய் வரும், வெள்ளை என்பது ஒரு வகை வெண்மைக் குறைபாடு, கண் கூசும். இரண்டையும் வாங்காதீர்கள்.

——

வைகைக்கரை எழுதியது:

நேற்றுதான் சென்னையிலிருந்து திரும்பினோம். வெயிலுக்குப் பயந்து இரவில் காரில் போய் இரவிலேயே வந்தோம்.

வீராவுக்கு இதய நோய் உறுதியாகிவிட்டது. எக்கோவில் இடது கீழறை கொஞ்சம் விரிந்திருக்கிறது. ஹோல்டரில் 24 மணி நேரத்தில் ஆயிரத்துக்கு மேல் தவறான துடிப்புகள். நுரையீரலில் நீர் இல்லை. தைராய்டு சரியாக இருக்கிறது, உண்ணிக் காய்ச்சல் இல்லை. பிமோபென்டானும், தாளத்துக்கு சோட்டலாலும் எழுதியிருக்கிறார்கள். "இப்போதாவது வந்தீர்களே" என்றார் அங்கிருந்த டாக்டர். அம்மா அழுதுவிட்டார். கடிக்கும் என்று பயந்தவர் இப்போது அவன் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் பாய் விரித்துப் படுக்கிறார்.

மருந்தை எப்போது கொடுப்பது, வீட்டில் எதைக் கவனிப்பது என்று தெளிவாகச் சொல்வீர்களா டாக்டர் சார்?

——

நாமக்கல் டாக்டர் எழுதியது:

நுரையீரலில் நீர் சேர்வதற்கு முன்பே போய்விட்டீர்கள், அது பெரிய விஷயம்.

பிமோபென்டான் 12 மணி நேர இடைவெளியில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு, வெறும் வயிற்றில். காலை 6, மாலை 6 என்று கடிகாரத்தில் மணி வைத்துக்கொள்ளுங்கள், அப்பாவிடம் கொடுத்தால் தவறாது. சோட்டலாலைத் தீர்ந்துவிட்டது என்று திடீரென நிறுத்தக் கூடாது, பத்து நாளுக்கானது எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். சோட்டலால் தொடங்கிய பிறகு சோர்வாகவே கிடந்தால் உடனே அந்த டாக்டருக்குச் சொல்லுங்கள், அளவைத் திருத்த வேண்டியிருக்கும். இங்கே படிக்கும் மற்றவர்கள் இந்த மருந்துகளைத் தாமாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், அளவு நாய்க்கு நாய் மாறும்.

நன்றாகத் தூங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று தினமும் எண்ணி ஒரு நோட்டில் எழுதுங்கள். 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து ஏறிக்கொண்டே போனாலோ, 30ஐத் தாண்டினாலோ, இருமல் வந்தாலோ இரவானாலும் கூட்டிப்போங்கள். மெதுவான நடை நல்லது. உப்பு போட்ட அப்பளம், கருவாடு, ஊறுகாய்ச் சோறு எதுவும் வேண்டாம். மருந்து தாளத்தை அடக்குகிறதா என்று பார்க்கச் சில வாரத்தில் மறுபடி ஹோல்டர் எடுக்கச் சொல்லியிருப்பார்கள், அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. வீராவோடு ஒரே ஈற்றில் பிறந்த மற்ற குட்டிகள் யார் வீட்டில் இருக்கின்றன என்று அண்ணனிடம் கேளுங்கள். அவற்றுக்கும் இப்போது 4 வயது.

——

வைகைக்கரை எழுதியது:

அண்ணனிடம் கேட்டேன். அதே ஈற்றில் வாங்கிய இரண்டு பேரின் எண் அவரிடம் இருக்கிறது. ஒருவர் திண்டுக்கல், ஒருவர் விருதுநகர். இன்று இரவு இரண்டு பேரிடமும் பேசுகிறேன். குட்டிகளை விற்றவருக்கும் அறிக்கையை அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன்.

——

நாமக்கல் டாக்டர் எழுதியது:

நல்லது. பேசும்போது எக்கோ மட்டும் எடுத்தால் போதும் என்று அவர்கள் நினைத்துவிடாமல் ஹோல்டரையும் சேர்த்தே சொல்லுங்கள்.